குழாயடியில் நடந்த நர்சிங் பரீட்சை

இன்று என் பேத்தி ஸ்டெல்லாவுக்குப் பரீட்சை. ஆஸ்பத்திரியில் ஏற்கெனவே நர்ஸாக இருப்பவள்தான், மேலே பி.எஸ்ஸி. நர்சிங் படிக்கிறாள்.

எங்கள் ஆஸ்டின் டவுன் தெருப் பெண்களை உட்காரவைத்து, குழந்தைக்குப் பேதியானால் என்ன செய்வது என்று அவள் சொல்லித்தர வேண்டும். வெளியிலிருந்து வந்த மேடம் பார்த்து மார்க் போடுவார். ஆள் கூட்டியது நான்.

எல்லோரும் பாயில் உட்கார்ந்தார்கள். ஸ்டெல்லா சார்ட்டை மாட்டினாள். அந்த நேரம் பார்த்துத் தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிட்டது!

பாயில் மிச்சம் நானும் மேடமும்தான்.

"ஜன எல்லம்மா?" என்று மேடம் கன்னடத்தில் கேட்டார். ஆட்கள் எங்கே என்கிறார்! நான் குழாய்ப் பக்கம் கையைக் காட்டினேன்.

ஸ்டெல்லா சார்ட்டைச் சுருட்டிக்கொண்டு குழாயடிக்கே போய்விட்டாள். மேடமும் பின்னாலேயே போனார். வரிசையில் நின்ற மேரியிடம் ஸ்டெல்லா கேட்டாள்:

"மேரிக்கா, பாப்பாவுக்கு பேதியாச்சுன்னா தண்ணி குடுப்பியா?"

"எதுக்குடி? குடுத்தா இன்னும்தான் போவும்."

"உன் குடத்துல ஓட்டை இருக்குன்னு வை. மேல ஊத்தலன்னா என்னாவும்?"

"காலியாப் பூடும்."

"பாப்பாவும் அப்படித்தான்க்கா."

மேரி குடத்தைப் பார்த்தாள், இடுப்பில் இருந்த குழந்தையைப் பார்த்தாள். "அய்யோ, ஆமாண்டி!" என்றாள். அதன் பிறகு உப்பு சர்க்கரைத் தண்ணீர் கலக்குவது எப்படி என்று வரிசையே கேட்க ஆரம்பித்துவிட்டது.

மார்க்கை உடனே சொல்ல மாட்டார்களாம். ஆனால் மேடம், "பயப்படாதீங்கம்மா, பாஸ்தான்" என்று தமிழிலேயே என் காதில் சொல்லிவிட்டுப் போனார். அப்புறம்தான் எனக்கு மூச்சே வந்தது.

நான் படித்தது ஐந்தாவது. என் பேத்தி பட்டதாரி ஆகப்போகிறாள்.

இந்தப் பரபரப்பில் நான் தண்ணீர் பிடிக்கவே இல்லை. நம் தெருக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், வாழ்த்தோடு ஒரு குடம் தண்ணீரும் கொண்டுவாருங்கள்.