குடத்தோடு போய் வாங்கிய பைப்பு

எங்கள் தெருவில் எனக்கு இன்றைக்கும் ஒரு பேர் உண்டு. குடத்தோடு பஸ் ஏறின டீச்சர். சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள், நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன் என்று என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் சிரிப்பதில்லை. அந்தக் குடத்தை நினைத்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

தொண்ணூறுகளின் நடுவில், நெமிலிச்சேரி ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டிருந்தோம். என் கணவருக்குப் பாடியில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. நான் பக்கத்து நர்சரிப் பள்ளியில் டீச்சர். சுவர் எழும்பிக்கொண்டிருந்த சமயத்தில்தான் எனக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா அவரையும் நிற்கவைத்துச் சொன்னார்.

"வெயிட் தூக்கக் கூடாது. முக்கியமா தண்ணிக் குடம். தூக்கினீங்கன்னா திரும்ப இங்கதான் வந்து படுக்கணும்."

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் பதில் சொல்லிவிட்டார். "அதெல்லாம் நான் கீறேன்ல, டாக்டர்."

இந்த 'நான் கீறேன்ல' இருக்கிறதே, கல்யாணமான நாள் முதல் கேட்டுவந்த வார்த்தை அது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் அதுதான், மண்ணெண்ணெய் க்யூ என்றாலும் அதுதான். சொன்ன வாயின் ஈரம் காய்வதற்குள் மனுஷன் ஷிப்டுக்குக் கிளம்பியிருப்பார். பொய் சொல்கிறார் என்று சொல்லமாட்டேன். சொல்லும்போது மனசாரத்தான் சொல்வார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கொஞ்ச நாள், அப்போது குடியிருந்த வாடகை வீட்டில், பக்கத்து வீட்டு அக்கா தண்ணீர் தூக்கிக் கொடுத்தாள். அவளுக்கும் குடும்பம் இருக்கிறது, எத்தனை நாள் செய்வாள்? அப்புறம் அரைக் குடம் அரைக் குடமாக நானே தூக்கினேன். ஒரு நாள் அடிவயிற்றைச் சுருக்கென்று பிடித்துக்கொண்டு, அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். சாயங்காலம் வந்தவர் கேட்டார், "என்னைக் கூப்ட்டிருக்கலாம்ல?" நான் அடுப்படியில் நின்று கூப்பிட்டால் பாடிக்குக் கேட்கும் என்று நினைத்தார் போலிருக்கிறது.

புது வீட்டில் சமையல் மேடை, சிங்க் எல்லாம் வைப்பதாகத் திட்டம். சிங்குக்குக் கொக்குக் கழுத்து மாதிரி வளைந்த பைப்பு ஒன்றை அவர் ஏற்கெனவே முடிவு செய்திருந்தார். கூட வேலை செய்கிறவர் வீட்டில் பார்த்தாராம், நல்ல லுக்காம். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் போர் தண்ணீர் இனிக்கும். அதைத்தான் குடித்தோம், அதில்தான் சமைத்தோம். சிங்குக்குள் குடத்தை வைத்துப் பிடித்துவிடலாம், சரி. நிறைந்த குடத்தை அந்தப் பள்ளத்திலிருந்து தூக்கி வெளியே எடுப்பது யார்?

அப்போதுதான் என்னிடம் படித்த ஒரு குழந்தையின் வீட்டில் அந்தப் பைப்பைப் பார்த்தேன். அப்பா துபாயில் இருந்தார். பைப்பின் வாயைப் பிடித்து இழுத்தால் பின்னாலேயே ஒரு ஸ்டீல் ஓஸ் நீண்டு வந்தது. விட்டால் திரும்ப உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. ஒரு பட்டனை அமுக்கினால் ஷவர் போலப் பூவாகத் தெளித்தது. அந்த வீட்டம்மா அதில் கீரை அலசிக் காட்டினாள். கீரை என் கண்ணில் படவே இல்லை. அடுப்புக்குப் பக்கத்தில் முக்காலியில் குடம் இருந்த இடத்திலேயே இருக்கிறது, பைப்பு குடத்தைத் தேடி வருகிறது, அதைத்தான் பார்த்தேன். பூந்தமல்லியில் ஒரு பாய் கடையில் இப்போது வந்திருக்கிறது என்றாள்.

அவரிடம் சொன்னேன். "குளிக்கிற ஷவரை யாராவது சமையக்கட்டுல மாட்டுவாங்களா? வர்றவங்களுக்கு ஷோ காட்டவா?" என்றார். குடத்துக்கு என்றேன். "குடம் தூக்க நான் கீறேன்ல" என்றார்.

வாயால் சொல்லி இந்த மனுஷனிடம் எத்தனையோ தடவை தோற்றிருக்கிறேன். அதனால் அவருடைய கொக்குக் கழுத்துப் பைப்பை வாங்க அதே பாய் கடைக்குப் புறப்பட்ட அன்றைக்கு, எவர்சில்வர் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

"இன்னாமே இது? கூத்தா?"

"பைப்பு குடத்துக்குத்தானே? குடம் வந்து பாக்கட்டும்."

ஆவடியில் பஸ் மாறினோம். அவர் எனக்கும் தனக்கும் சம்பந்தமில்லாத மாதிரி கடைசி சீட்டில் போய் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். கண்டக்டர் குடத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாமா, அவ்ளோ பஞ்சமா? பூந்தமல்லில போய்த்தான் தண்ணி புடிக்கணுமா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. கடைசி சீட்டுத் தலை இன்னும் கீழே போனது. கூச்சம் எனக்கு வந்திருக்கவேண்டும், கோபம்தான் வந்தது.

கடை வாசலில் கால் வைத்தேன். கடைப் பையன் ஒருவன் உள்ளேயிருந்து கையை ஆட்டினான். "தண்ணி இல்லமா, இங்க வரல. லாரி குமணன்சாவடில நிக்குது, அங்க போ." சுவர் முழுக்கப் பைப்பு பைப்பாக மாட்டி வைத்திருக்கிற கடை அது. குடத்தோடு ஒரு பொம்பளை வந்தால் பிச்சை மாதிரித் தண்ணீர் கேட்கத்தான் வருவாள், பைப்பு வாங்க வரமாட்டாள்!

"பைப்பு பாக்க வந்தேம்பா" என்றேன். அவன் நம்பவில்லை. பின்னால் என் கணவர் வந்த பிறகுதான் பாய் எழுந்து, "வாங்க சார், உக்காருங்க" என்றார். நான் நின்றுகொண்டிருந்தேன்.

பாய் அவரிடமே பேசினார். சுவரில் மாட்டுவதா, மேடையில் வைப்பதா, திருகுகிறதா, எல்லாம் அவரிடம். கடைசியில் மட்டும், "மேடத்துக்குக் கலர் புடிச்சிருக்கானு கேட்டுக்குங்க சார்" என்றார். பைப்புக்கு ஏது கலர்? அத்தனையும் ஒரே நிக்கல். வகுப்பில் நான் ஒரு அதட்டல் போட்டால் நாற்பது பிள்ளைகள் கப்சிப். இங்கே என் சமையல்கட்டுக்கு என் எதிரிலேயே மூன்றாம் மனுஷியாக நிற்கிறேன்.

கடை நடுவில் காட்சிக்காக மேடை கட்டி ஒரு சிங்க் பொருத்தியிருந்தார்கள். நான் போய்க் குடத்தை அதற்குள் வைத்தேன். 'ணங்' என்ற சத்தத்தில் எல்லோரும் திரும்பினார்கள்.

"பாய், பின்னால டிரம்ல தண்ணி இருக்கா? இதுல ரொப்பச் சொல்லுங்க."

பாய் என் கணவரைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, பாய் பையனுக்குச் சைகை காட்ட, அவன் பக்கெட்டில் மொண்டு வந்து ரொப்பினான்.

"இப்போ தூக்குங்க" என்றேன் அவரிடம்.

"இன்னாமே, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். டாக்டர்கிட்ட சொன்னீங்க, என்கிட்ட சொன்னீங்க, நீங்க இருக்கீங்கன்னு. தூக்குங்க."

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். இரும்பு அடிக்கிற கை, பலமில்லாத ஆளில்லை. ஆனால் வாழ்க்கையில் ஒரு நாள் குடம் எடுத்திருந்தால்தானே? இடுப்பைக் கொடுத்து, கையை வளைத்து, சரித்து எடுக்கவேண்டிய குடத்தை, பக்கெட்டைத் தூக்குவது போலக் கழுத்தில் விரலை விட்டு நேராக இழுத்தார். பாதி வந்தது. அடி சிங்க் விளிம்பில் இடித்தது. குடம் கவிழ்ந்து, பேண்ட், செருப்பு, பாயின் தரை, எல்லாம் தண்ணீர்.

"குடத்து வாய் சின்னதா கீது. பிடி கெடைக்கல" என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

"இதே வாயைத்தான் கல்யாணம் ஆனதுலேர்ந்து நான் புடிச்சுகினு கீறேன்" என்றேன். கோபத்தில் அவர் பேச்சே எனக்கும் வந்துவிட்டது.

ஒருத்தரும் சிரிக்கவில்லை. பாய் தானாகவே உள்ளே போய் அந்த இழுக்கிற பைப்பை எடுத்துவந்து சிங்கில் வைத்துப் பிடித்தார். நான் குடத்தை ஒரு ஸ்டூல் மேல் வைத்து, ஓஸை இழுத்துப் பார்த்தேன். குடத்து வாய்க்குள் பைப்பின் தலையை விட்டபிறகும் இன்னும் ஒரு சாண் மிச்சமிருந்தது. "பாத்திரம் கழுவன்னு சொல்லித்தான் இத்த வித்துகினு இருந்தேன்மா" என்றார் பாய். அன்றைக்கு என் முகத்தைப் பார்த்து அவர் பேசிய முதல் பேச்சு அதுதான். "அதையே கட்டுங்க" என்றார் என் கணவர், பாயிடமும் சொல்லாமல் என்னிடமும் சொல்லாமல், சுவரைப் பார்த்து.

போதகரை வரவழைத்து ஜெபம் பண்ணிப் புது வீட்டுக்குக் குடி வந்தோம். மறுநாள் காலையில் சமையல்கட்டிலிருந்து விசில் சத்தம். போய்ப் பார்த்தால் இவர். ஓஸை இழுப்பதும் விடுவதும், பட்டனை அமுக்குவதும், குடத்தை நிரப்புவதுமாக நிற்கிறார். குடத்தைத் தொடாத கைக்கு இழுக்கிற பைப்பு என்றால் விளையாட்டுச் சாமான். தினமும் அதுவே வேலையாகிவிட்டது. வந்தவர்களிடமெல்லாம், "ஒய்ஃபுக்கு முடியல. நான்தான் நாலு கடை ஏறி எறங்கி செலக்ட் பண்ணேன்" என்றார். எந்த நாலு கடை? பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஒரு காலையில், எதிர் வீட்டுக்குப் புதிதாகக் குடி வந்திருந்த அம்மாள் உறை மோர் வாங்க வந்தாள். அவர் குடம் பிடிப்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"எந்த ஊட்ல ஆம்பள தண்ணி புடிச்சுக் குடுக்குறான்? நீ குடுத்து வச்சவ டீச்சர்."

அவர் திரும்பாமலே சொன்னார். "பின்ன? நான் கீறேன்ல."

எனக்கு வந்ததே ஆத்திரம். அந்த அம்மாள் மேல் இல்லை, ஆனாலும் அவளைப் பார்த்துத்தான் கேட்டேன். "இத்தனை வருஷம் இந்தக் குடத்த நான் தூக்கினேன். வயித்துல தையலோடயும் தூக்கினேன். அப்போ அவரக் குடுத்து வச்சவருன்னு யாராவது ஒருத்தர் சொன்னாங்களா?"

அவள் மோரைக்கூட வாங்கிக்கொள்ளாமல் போய்விட்டாள். விசில் நின்றது. அவர் தண்ணீரை நிறுத்தினார், பைப்பின் தலையை அதன் இடத்தில் மெதுவாகச் செருகினார், துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். குடம் பாதிதான் நிறைந்திருந்தது. நான் ஓஸை இழுத்து மீதியைப் பிடித்தேன்.