பெட்டி எடுத்துக்கொண்ட நேரம்

எங்கள் இசைக்குழுவில் டோல்கி மேளம் வாசித்தவனை வெளியே தள்ளப் பார்த்தது நான்தான். நாட்டில் சண்டை முடிந்து கொஞ்சக் காலம். பாசிக்குடாவில் புதிதாக எழும்பிய ஹோட்டல் ஒன்றில் வார இறுதியில் பாட ஆள் தேடினார்கள். இரண்டு பாட்டைப் பதிந்து சீடி கொடுக்கச் சொன்னார்கள். செட்டிபாளையத்தில் என்னிடம் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. சுனாமி என் கீபோர்டைக் கொண்டுபோனபின் நிவாரணமாக வந்தது. பாட்டுப் பதியும் மென்பொருளை ஒரே கிழமையில் கரைத்துக் குடித்துவிட்டதாக நினைப்பு எனக்கு.

அத்தான் கட்டாரிலிருந்து கொண்டுவந்த எக்கோப் பெட்டியையும் நான் விடவில்லை. மைக் வயர் முதலில் பெட்டிக்குள், பெட்டியிலிருந்து கம்ப்யூட்டருக்கு. சத்தம் பெரிய மண்டபத்தில் கேட்கிற மாதிரி விரிந்தது. ஆனால் திரையில் டோல்கியின் ஒவ்வொரு அடியும் தாளக் கோட்டுக்கு ஒரு விரல் பின்னால் நின்றது. நாலு தரம் வாசிக்க வைத்தேன். நாலு தரமும் அதே ஒரு விரல்.

அவன் கொக்கட்டிச்சோலையிலிருந்து வாவி கடந்து வருகிறவன். மறுநாள் காலை, ஐந்தாம் தரத்துக்கு அவன் வந்து சேருமுன்னமே, பொறுக்கமாட்டாமல் குழுத் தலைவருக்குப் போன் அடித்தேன். "அண்ணே, இவனுக்குத் தாளம் பிந்துது. மிசின் அடி போட்டிருவம்." அவன் வந்ததும் அதையே முகத்துக்கு நேரே சொன்னேன்.

"நான் பிந்துறனா?" தோளிலிருந்த டோல்கியை அவன் இறக்கவில்லை. "சண்டைக்குள்ள எங்கட கரையில செல் குண்டு விழக்குள்ள நீங்க இந்தக் கரையில நிண்டு வெளிச்சத்தப் பாத்து, சத்தம் வருமட்டும் எண்ணினீங்க. விளையாட்டு. எங்களுக்கு முதல்ல அடிக்கிற சத்தம் கேக்கும். எண்ணத் தொடங்கி, விழுறதுக்குள்ள பங்கர் குழிக்குள்ள இருக்கணும். அதில நான் பிந்தியிருந்தா உனக்கு இண்டைக்கு டோல்கிக்கு ஆளில்ல மனே."

நாங்கள் எண்ணியது உண்மை. எத்தனை கட்டை தூரம் என்று பந்தயமும் பிடித்தோம். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. வாய் மட்டும் நிற்கவில்லை.

"மிசின் பொய் சொல்லாதுடா. காட்டுறன், பார்."

கம்ப்யூட்டரின் தாளச் சத்தம் வெளியே போகும் வயரைக் கழற்றி, உள்ளே வரும் ஓட்டையில் குத்தினேன். தான் அனுப்பிய சத்தத்தைத் தானே பதியட்டும். யாருடைய கையும் அதில் இல்லை. பதிந்தது. கோட்டில் அச்சொட்டாக விழுந்தது.

"பாத்தியா?" என்றேன்.

அவன் திரையைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்தான். "அந்தப் பெட்டிய ஏன் கழட்டி வெச்ச?"

பெட்டி ஒரு ஓரமாய் லைற் எரிந்தபடி கிடந்தது. நான் வாசிக்க வைத்தபோது அது நடுவில் இருந்தது; சோதித்தபோது இல்லை. திரும்ப நடுவில் போட்டுப் பதிந்தேன். சத்தம் கோட்டைத் தாண்டி விழுந்தது. அதே ஒரு விரல். கம்ப்யூட்டர் தன்னுடைய தாமதத்தைத் தானே கழித்துக்கொள்ளும். வெளியிலுள்ள பெட்டி எடுக்கும் நேரம் அதற்குத் தெரியாது. நாம்தான் அளந்து சொல்லவேண்டும். அந்த இடைவெளியை அளந்து தட்டினேன். நேற்றுப் பதிந்த அடிகளையும் அதே அளவு முன்னுக்கு இழுத்தேன். நாலும் கோட்டில் வந்து உட்கார்ந்தன. அவன் கை எங்கேயும் பிந்தியிருக்கவில்லை.

"இப்ப அண்ணருக்கு அடி," என்றான். "ஸ்பீக்கர்ல."

அடித்தேன். "அண்ணே, தாளம் பிந்தல்ல. பெட்டிதான் பிந்தினது."

"எந்தப் பெட்டி?"

"எக்கோப் பெட்டி அண்ணே. நான்தான் அளக்காம விட்டுட்டன். டோல்கி சரியா இருக்கு."

"காலமதானேடா மிசின் போடுவமெண்டாய்?"

"அது நான் சொன்ன பிழை."

அண்ணரின் பதில் வருமட்டும் டோல்கிக்காரன் தன் தொடையில் விரலால் தட்டி எண்ணிக்கொண்டிருந்தான்.

"அப்ப அவனையே வாசிக்கச் சொல்லு. சீடிய நாளைக்குக் கொண்டா."

போனை வைத்தேன். அவன் அப்போதுதான் டோல்கியை மடிக்கு இறக்கினான்.

"ஐஞ்சாம் தரம் பதிவமா?" என்றேன்.

"நாலும் சரியெண்டாய். ஐஞ்சாவது எதுக்குடா?" என்றான். ஆனாலும் ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டினான்.