லண்டனில் பதினாறு மணி நேரம்

சிவப்புக் கார்பன் தாளின் வாசனை எங்கே வந்தாலும், மைசூரில் அம்மாவுக்கு நான் எடுத்த விமான டிக்கெட் நினைவுக்கு வந்துவிடுகிறது.

தொண்ணூறுகளின் நடுவில், நியூயார்க்கில் தங்கைக்குப் பிரசவம். அம்மா துணைக்குப் போக வேண்டும். டிராவல்ஸ்காரர் மலிவான டிக்கெட் ஒன்றைக் காட்டினார். அதில் போனால், அட்லாண்டிக்கைத் தாண்டும் விமானத்துக்காக லண்டனில் பதினாறு மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

"வயசானவங்க சார், ஸ்வல்ப யோசிங்க. அவங்ககிட்ட கேட்டீங்களா?"

"கேட்டாச்சு," என்று பொய் சொன்னேன். மிச்சப் பணத்தில் ஸ்கூட்டர் வாங்கும் ஆசை எனக்கு.

அப்பா போனபின் அம்மா வெளியில் பச்சைத் தண்ணீர்கூடத் தொட்டதில்லை. பயணமென்றால் பழமும், கூஜாவில் வீட்டுத் தண்ணீரும்தான். அந்தக் கூஜா லண்டன்வரைகூடத் தாங்காது என்பது தெரிந்தே செய்தேன்.

பெங்களூர் விமான நிலையத்து வாசலில் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பின்பக்கம் சிவப்புக் கார்பன் பூசிய அந்த டிக்கெட்டைப் படித்தாள். நேரங்களை விரல்விட்டு எண்ணினாள். பிறகு கூஜாவைப் பார்த்தாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்பாளென நின்றேன். கேட்கவில்லை. இத்தனை ஆண்டுகளாக, கேட்கப்படாத அந்தக் கேள்விக்குத்தான் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

"லண்டன்ல குழாய்த் தண்ணி குடிச்சுக்கறேன். குழந்தைகிட்டப் போய்ச் சேரணுமே," என்றாள். "நீ எதாவது சாப்டுட்டு பஸ் ஏறு."