அலைச் சத்தத்தை நிறுத்தச் சொன்னேன்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஆடிக் கடலின் மூர்க்கம் அடங்கி, எங்கள் கடியப்பட்டணத்து வள்ளங்கள் எல்லாம் தொழிலுக்குப் போய்க்கொண்டிருந்த ஆவணி மாதத்தில் நடந்தது இது. தெருவில் எல்லா வீட்டு ஆண்களும் கடலுக்குப் போனார்கள். என் கணவர் மட்டும் போகவில்லை.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒரு விஷயம் நடந்தது என்று தெரிந்து, அது என்னவென்று தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் போனில் பேசினால் என் காது தானாக அந்தப் பக்கம் திரும்பும். போதாக்குறைக்கு நான் வேலை பார்ப்பது திங்கள்சந்தையில் ஒரு மருந்துக்கடையில். யாருக்குச் சர்க்கரை, யாருக்கு தைராய்டு என்று டாக்டர் எழுதிய சீட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும். வெளியே சொல்லமாட்டேன், ஆனால் தெரிந்துகொள்வேன். மனதுக்கு மாத்திரை வாங்க வருகிறவர்களைக் கண்டுபிடிக்கச் சீட்டுகூட வேண்டாம். கடையில் வேறு ஆள் நின்றால் சோப்பு வாங்க வந்ததுபோல ஒதுங்கி நிற்பார்கள். ஆள் போனபிறகுதான் சட்டைப் பையிலிருந்து சீட்டு வெளியே வரும்.

என் கணவர் போன வள்ளம் அந்த வருடம் ஆனியில் கவிழ்ந்திருந்தது. நடுக்கடலில்கூட இல்லை, கரைக்குத் திரும்பும்போது ஒரு பெரிய அலை தூக்கிப் போட்டுவிட்டது. இவரும் இன்னும் சிலரும் கொஞ்ச நேரம் கவிழ்ந்த வள்ளத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டார்கள். எல்லாரும் உயிரோடு கரை சேர்ந்துவிட்டார்கள். அதனால் ஊரில் யாரும் அதை ஒரு விபத்தாகவே எடுத்துக்கொள்ளவில்லை. வலை போனது, இன்ஜின் போனது என்றுதான் பேசினார்கள்.

அதற்குப் பிறகு இவருக்கு ஒருநாள் முதுகு வலிக்கும், ஒருநாள் காய்ச்சல் அடிக்கும், ஒருநாள் வள்ளத்தில் ஆள் கூடுதல் என்பார். கடைக்குப் போகச் சொன்னால், கடல் தெரியும் நேர்த்தெருவை விட்டுவிட்டு, ஊரைச் சுற்றி உள்பாதை வழியாகப் போவார். தூக்கம் என்பதே இல்லை. அன்றைக்கு வள்ளத்துக்கு அடியில் என்னதான் நடந்தது என்று நானும் கேட்காத விதமில்லை. கெஞ்சிக் கேட்டேன், சண்டை போட்டுக் கேட்டேன், பேச்சுவாக்கில் கேட்பதுபோலக் கேட்டேன்.

“ஒண்ணும் இல்லட்டி. நனைஞ்சோம், கரையேறினோம். அவ்வளவுதான்” என்பார்.

கண்ணேறு பட்டிருக்கிறது என்றார்கள். தெருமுனைச் சிலுவை நிற்கும் குருசடியில் மெழுகுதிரி கொளுத்தினேன், நேர்ச்சை வைத்தேன். அதையெல்லாம் தப்பென்று இன்றும் சொல்லமாட்டேன். எனக்கு அது ஆறுதலாக இருந்தது, அவருக்குத்தான் பலிக்கவில்லை. ஒருநாள் மத்தியானம் மீனில் முள்ளை எடுத்துக்கொண்டே, குழம்புக்கு உப்பு கம்மி என்று சொல்வதுபோல, “நான் அன்னைக்கே போயிருக்கலாம்” என்றார். மருந்துக்கடையில் நிற்பவள் நான். அந்த வார்த்தையைச் சும்மா விடக்கூடாது என்று எனக்குத் தெரியும்.

கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் போனில் தேட ஆரம்பித்தேன். தெரபிஸ்ட் என்று போட்டால் கழுத்து வலி, முதுகு வலி பார்க்கிற இடங்களாக வந்தன. கவுன்சலிங் என்று போட்டால் எந்தக் காலேஜில் சேரலாம் என்று சொல்லித்தருகிறவர்கள் வந்தார்கள். ஒரு இடத்துக்குப் போன் போட்டே விட்டேன். எடுத்த தம்பி, “எந்த முட்டுக்கா வலிக்கு?” என்று கேட்டார். முட்டு இல்லை, மனசு என்றேன். பிறகு, “அது நம்மகிட்ட இல்லக்கா. கவர்மென்ட் ஆஸ்பத்திரில விசாரிச்சுப் பாருங்க” என்று பதமாகச் சொன்னார். நல்ல யோசனைதான். ஆனால் கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போனால் நம்மைப் பார்ப்பது டாக்டர் மட்டுமா? பாதி ஊர் அங்கேதானே நிற்கும்! நாகர்கோவிலில் டாக்டர்கள் இருக்கிறார்கள், அங்கேயும் அதே பயம்தான்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதற்கு ஒரு வழி உண்டு. பெரிய வியாதி என்றாலும் சரி, மறைக்கவேண்டிய வியாதி என்றாலும் சரி, கேரள எல்லையான களியக்காவிளையைத் தாண்டித் திருவனந்தபுரத்துக்குப் போய்விடுவது. அக்கம்பக்கத்தில் கண் காட்டப் போகிறோம் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டோம்.

பஸ்ஸில் இவரிடம் சொன்னேன். “இஞ்ச பாருங்க, ஊரு கேட்டா கடியப்பட்டணம்னு சொல்லக்கூடாது. அங்க நர்சு வேலைக்கு நிக்கியதுல பாதி நம்ம பக்கத்துப் பிள்ளைய.” எங்கள் மாவட்டத்தில் ஊர் பெயரைச் சொன்னால் போதும். எந்தத் தெரு, யார் மகன் என்று அடுத்த நிமிடமே சொந்தம் கண்டுபிடித்துவிடுவார்கள். கடலுக்கும் எங்களுக்கும் சம்பந்தமே இருக்கக்கூடாது என்று யோசித்து, கல் சிலைகளுக்குப் பேர்போன மயிலாடி என்று முடிவு செய்தேன். சாமி சிலை, அம்மி, ஆட்டுக்கல் விற்கிற கடை. வியாபாரம் மந்தம், அதனால் கவலை, அதனால் தூக்கம் இல்லை. என் கற்பனையை நானே மெச்சிக்கொண்டேன். இவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பெரிய ஆஸ்பத்திரி இல்லை அது, ஒரு வீடுபோல இருந்தது. காத்திருந்தவர்களைப் பார்த்து இந்த ஆளுக்கு என்ன, அந்த ஆளுக்கு என்ன என்று நான் மனதுக்குள் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். டாக்டர் முதலில் பார்த்தார், தூங்குவதற்கு மாத்திரை எழுதினார், பக்கத்து அறையில் கவுன்சலரைப் பார்க்கச் சொன்னார்.

கவுன்சலர் ஒரு சின்னப் பெண். அவருடைய அம்மா எல்லையோரப் பாறசாலைக்காரராம், அதனால் மலையாளம் கலந்து தமிழ் நன்றாகவே பேசினார். கேட்ட கேள்விக்கெல்லாம் நானே பதில் சொன்னேன். கடை எப்படி, கல் எங்கிருந்து வருகிறது, உளிச் சத்தம் தலைவலி தருகிறதா என்று அவர் அக்கறையாகக் கேட்கக் கேட்க, நான் அளந்து விட்டுக்கொண்டே போனேன். இவர் மடியில் கையை வைத்துக்கொண்டு தரையையே பார்த்தபடி இருந்தார்.

கடைசியில் அந்தப் பெண், “சேட்டா, உங்க உடம்பு எப்பவும் ஓடத் தயாரா நிக்குது. அதுக்குக் கொஞ்சம் ரெஸ்ட் கொடுக்கப் பழக்கணும். கண்ண அடச்சுட்டு மூச்ச மெதுவா விடுங்க” என்றார். இவர் கண்ணை மூடினார். அந்தப் பெண் தன் போனை எடுத்து மேசையில் வைத்து எதையோ தட்டினார். “இது கேட்டா மனசு தணுக்கும்” என்றார்.

போனிலிருந்து அலைச் சத்தம் வந்தது.

மனதை அமைதிப்படுத்த எல்லாரும் கேட்கிற சத்தம்தான் அது. தூரத்தில் ஒரு அலை எழுந்து, நெருங்கி வந்து, கரையில் விழுந்து கரைந்தது. அடுத்த அலை எழுந்தது. நான் இவருடைய காலைப் பார்த்தேன். செருப்பில்லாத கால்விரல்கள் தரையைப் பற்றிக்கொள்ளப் பார்த்தன. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. மூச்சு உள்ளே போனது, வெளியே வரவில்லை. சொல்லிவிட்டால் நான் கட்டிய மயிலாடிக் கடை மொத்தமும் சரிந்துவிடும். சொல்லாவிட்டால்? என் மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது.

“மோளே, அத நிறுத்துங்க! அவரு கடல்ல போறவரு. வள்ளம் கவுந்து வந்தவரு” என்று கத்திவிட்டேன்.

அந்தப் பெண் சட்டென்று போனை அணைத்தார். முகம் வெளுத்துவிட்டது. என்னை ஒன்றும் சொல்லவில்லை. இவரைப் பார்த்து, “சாரி சேட்டா. எனக்கு அறியில்லாருன்னு” என்று மட்டும் சொன்னார். தெரியாமல் செய்துவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டார். உண்மையில் மன்னிப்புக் கேட்க வேண்டியவள் நான். மருந்துக்கடையில் ஒருவர் சீட்டுக்கு இன்னொருவர் மருந்தை எடுத்துக் கொடுத்தால் என்ன ஆகுமோ, அதைத்தான் நான் செய்திருந்தேன். மயிலாடியில் கல் விற்கும், இந்த உலகத்தில் இல்லாத ஒரு மனுஷனுக்கு அந்தப் பிள்ளை பாவம் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போது இவர் சிரித்தார். எத்தனையோ நாளாக நான் கேட்காத சிரிப்பு.

“எனக்க வீட்டு வாசல்ல சும்மா கெடக்க சத்தத்தக் கேக்கியதுக்கா, பஸ்ஸு ஏறி இம்புட்டுத் தூரம் வந்தேன்?” என்றார். அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தவர் எந்த இடத்தில் அழ ஆரம்பித்தார் என்று எனக்குத் தெரியவில்லை. தோள் இரண்டும் குலுங்க, சத்தம் போட்டு அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அடியில கெடக்கும்போ...” என்று தொடங்கினார்.

நான் நாற்காலியை அவர் பக்கம் இழுத்தேன். எத்தனை நாளாக இதற்குக் காத்திருந்தேன்! அந்தப் பெண் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார்.

“சேச்சி இங்க இருக்கணுமா, வேண்டாமா? நீங்க சொல்லுங்க சேட்டா.”

இவர் என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை, கெஞ்சுவதுபோல இருந்தது அந்தப் பார்வை. நான் எழுந்து வெளியே வந்தேன். கதவு மூடியது.

பொய் சொல்லமாட்டேன், எனக்குக் கோபம் வந்தது. கட்டிய பெண்டாட்டியிடம் சொல்லமுடியாததை, இன்றைக்குப் பார்த்த பிள்ளையிடம் சொல்ல முடிகிறதா? கதவை ஒட்டியே ஒரு நாற்காலி கிடந்தது. அதில் உட்கார்ந்தேன். உள்ளேயிருந்து இவர் குரல் கேட்டது. வார்த்தை புரியவில்லை. கொஞ்சம் தலையைச் சாய்த்தால் புரிந்திருக்கும். சாய்க்கவும் செய்தேன். அப்போது குரல் உடைந்து நின்றது, மறுபடி தொடங்கியது. இத்தனை நாள் நான் கேட்டதெல்லாம் அவருக்காகக் கேட்டதா, எனக்குத் தெரியவேண்டும் என்று கேட்டதா என்று அப்போதுதான் முதல்முறையாக எனக்குச் சந்தேகம் வந்தது. எழுந்துபோய், ஒன்றும் கேட்காத தூரத்தில், தண்ணீர் கேன் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

திரும்பும்போது அந்தப் பெண் ஒரு விஷயம் சொன்னார். ஒவ்வொரு தடவையும் இத்தனை தூரம் அலைய வேண்டாம், எங்கள் பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்கே குறிப்பிட்ட நாளில் மனநல டாக்டரும் கவுன்சலரும் வருவார்கள், மாத்திரையும் அங்கேயே கிடைக்கும் என்று. முட்டுவலி பார்க்கிற தம்பி சொன்ன அதே யோசனைக்கு நாங்கள் இரண்டு மாநிலம் சுற்றி வந்திருந்தோம்.

அடுத்த முறை அங்கேயே போனோம். துணிச்சல் என்று நினைக்க வேண்டாம், வாசலிலேயே சேலைத் தலைப்பை முகத்துக்கு இழுத்துக்கொண்டேன். உள்ளே பெஞ்சில் முதலில் கண்ணில் பட்டவர், அன்றைக்கு அதே வள்ளத்தில் இருந்த ஒருவர். மனைவியோடு வந்திருந்தார். இவரைவிட மூத்தவர், ஊரில் தைரியசாலி என்று பெயர் எடுத்தவர். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

“என்ன மக்கா, நீயும் வந்தியா?” என்றார் அவர்.

“வந்தேன் அண்ணா” என்று சொல்லி இவர் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். பேசத் தொடங்கிவிட்டார்கள்.

அவருடைய மனைவி, அந்த அக்கா, என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப்போய், “எனக்க ஆளு வாயத் தெறக்க மாட்டங்காரு. அன்னைக்கு அடியில என்ன நடந்துன்னு உனக்க ஆளு சொன்னாரா?” என்று கேட்டார். அவர் கண்ணில் தெரிந்த ஆவல் எனக்கு அத்துப்படியான ஆவல்.

“எனக்கும் தெரியாதுக்கா. அவிய பேசட்டு. நாம போயி ஒரு சாயா குடிச்சிட்டு வருவோம்” என்று கூட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. முதலில் கடல் தெரியும் தெருவில் நடந்தார். பிறகு கரையில் உட்கார்ந்து மற்றவர்களோடு வலை சரிசெய்தார். கிறிஸ்துமஸ் கழிந்த பிறகு ஒரு விடியலில் வள்ளத்தில் ஏறினார். இன்றும் சில நாள் போகமாட்டார்; நான் ஏன் என்று கேட்பதில்லை. அந்த அறைக்குள் அவர் என்ன சொன்னார் என்பது இதுவரை எனக்குத் தெரியாது. கேட்டுவிடலாமா என்று நாக்கு துடிக்கிறபோதெல்லாம், நான் காதை விலக்கிக்கொண்ட இடத்திலிருந்துதான் அவர் கரையேறத் தொடங்கினார் என்று எனக்கு நானே சொல்லி, அவருக்குக் கஞ்சி ஊற்றப் போய்விடுகிறேன்.