குச்சி தூக்கிய கிழவரின் முத்திரை

சுசீலாதேவி சீல் குத்தினால் ஒரே குத்துதான். பலாபத்வலைக்குப் பக்கத்தில் ஓர் உப தபாலகத்தில் இருபத்தெட்டு வருடமாகத் தபாலதிபர். ஊரும் திகதியும் பளிச்சென்று விழும், இன்னொரு முறை குத்தமாட்டாள். வீட்டில் அப்படியில்லை. அங்கே அடிப்பவர் அவள் புருஷன் தியாகராஜா, கச்சேரி என்கிற மாவட்ட அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு எண்ணிக்கை கிடையாது. முன்பல் ஒன்று போனது குழம்பில் உப்புக் கூடியதற்காக. இடது சுண்டுவிரல் எதற்காகக் கோணியது என்று அவளுக்கே மறந்துவிட்டது. ஊருக்குள் அவரைத் தங்கமான மனுஷன் என்பார்கள், கேட்டால் எரிச்சல்தான் வருகிறது.

மகள் சிவதர்ஷினி தான் விரும்பியவனைக் கட்டிக்கொண்டு ஜேர்மனிக்குப் போன அன்று, மனைவியின் தலைமுடியைப் பிடித்துச் சுவாமி அறைக்கு இழுத்துப்போய்க் கற்பூரத்தின் மேல் சத்தியம் வாங்கினார். மகளுக்கு ஒரு வரி எழுதக்கூடாது. அவளும் எழுதவில்லை. ஆனால் மகள் தபாலகத்து முகவரிக்கு எழுதினாள், ஐந்து வருடமாக. சுசீலாதேவி படிப்பாள், அங்கேயே கிழித்துப் போடுவாள், வீட்டில் ஒன்றும் வரவில்லை என்பாள்.

போன வைகாசியில் வந்த கடிதத்தின் உறையில் ஒட்டியிருந்தது புதுத் தபால் முத்திரை. அந்த நாட்டு இசைக்குழு நடத்துனர் ஒருவரின் நினைவாக வெளியிட்டதாம். கண்ணை மூடி, குச்சியைத் தலைக்கு மேல் தூக்கி நிற்கும் கிழவர்.

"அம்மா, இவர் இப்படிக் குச்சியைத் தூக்கினா நூறு பேர் வாசிப்பாங்களாம். ஒருத்தருக்கும் அடி விழாது" என்று மகள் எழுதியிருந்தாள். "இதுக்கும் பதில் வராட்டி, நான் வேணாம்னு நெனைச்சுக்குவேன். இனி எழுத மாட்டேன்."

அந்தக் கிழவரை மட்டும் அவளால் கிழிக்க முடியவில்லை. வெட்டியெடுத்துக் கைப்பையில் வைத்தாள். ஆனால் அதற்கு முன்பே தொழில் புத்தி காட்டிக்கொடுத்துவிட்டது. ஜேர்மனியில் யாரோ சீல் குத்தாமல் விட்டிருந்தார்கள். அப்படி வந்தால் போய்ச் சேரும் தபாலகம் குத்தவேண்டும். அவள் கை தானாகப் போய்க் குத்தியிருந்தது.

மறுநாள் மாலை தியாகராஜா கைப்பையைக் குடைந்தார். கிழவரின் தோளில் அவள் தபாலகத்துப் பெயரும் முந்தின நாள் திகதியும்.

"ஒன்னுமே வரலைன்னியே. அப்ப இது யாரு குத்தின சீல்?"

பிரம்பு முதுகில் விழுந்தது, காதில் விழுந்தது. காது கிழிந்து இரத்தம் கழுத்தில் ஓடியது. விழுந்தவளின் விலாவில் உதைத்தார். முத்திரையை வாயில் போட்டு மென்று அவள் முகத்தில் துப்பினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு பிரம்பைத் தலைக்கு மேல் தூக்கினார்.

எப்போதும் கையால் முகத்தை மூடுபவள் இந்த முறை மூடவில்லை. எழுந்து பிரம்பைப் பறித்தாள். அவர் மணிக்கட்டில் ஓங்கிப் போட்டாள். எலும்பு முறிந்த சத்தம் இரண்டு பேருக்கும் கேட்டது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அலறினார். இன்னொரு அடி அவளுக்குப் பழக்கமில்லை.

"சத்தியம் இன்னையோட முடிஞ்சிருச்சு" என்றாள். "பிள்ளைக்கு எழுதப் போறேன்."

காலையில் காதில் கட்டோடு தபாலகத்தில் உட்கார்ந்து எழுதினாள். பிள்ளை, உன் கடிதம் எல்லாம் கிடைத்தது. உறையை ஒட்டி, முத்திரை வைத்து, சீலை எடுத்தாள். ஒரே குத்து.