மட்டமாக ஒரு கப்

வீசிய ரொட்டி மாவு காற்றில் எழும்பும்போதே மூர்த்தியின் கண்கள் பாதி மூடிக்கொள்ளும். தூக்கமா என்றால் இல்லை, சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். குளுவாங் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெரு ரொட்டிக் கடையில், காலைப் பனி இன்னும் விலகாத நேரத்தில், மூன்றாம் மேசைக்காரர் ரொட்டி சானாயைப் பிய்த்துப் பருப்புக் குழம்பில் முக்குவார். இங்கே சூடான கல்லுக்கு முன்னால் நிற்கும் மூர்த்தியின் வாய் மெல்ல அசையும். முதலில் மொறுமொறுவென்ற ஓரம், அப்புறம் நடுவிலிருக்கும் மெத்து, கடைசியாக விரலில் ஒட்டிய குழம்பு. அவர் விழுங்கினால் இவரும் விழுங்குவார். யாராவது பார்த்துவிட்டால் வெட்கமே கிடையாது. "மனசால சாப்பிட்டா கலோரி இல்லலா!" என்று சிரிப்பார்.

வயது நாற்பத்து நான்கு. பதினெட்டு வருடமாக அதே கல், அதே நெய் வாசம். ஒரு நாளைக்கு இருநூறு ரொட்டி வீசுகிறவர் ஒன்றைக்கூட வாயில் வைப்பதில்லை என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆக வேண்டும். இடுப்பு வாரில் ஆணியைக் காய்ச்சிப் புதிதாக மூன்று ஓட்டை போட்டிருக்கிறார். மிச்சம் தொங்கும் வாரை வெட்டவும் மனம் வரவில்லை, அது கால்சட்டைப் பைக்குள் சுருண்டு கிடக்கிறது. ரொட்டி வேகும் இடைவெளியில் தலையைத் தூக்கி லம்பாக் மலையைப் பார்ப்பார். பனிக்குள் மலை பாதி இருக்கும், பாதி இருக்காது. அதைப் பார்த்தபடியே நின்று, ஒரு ரொட்டியைக் கருக விட்டு, "அலமாக்!" என்று பதறி விழித்துக்கொள்வார்.

கனவு காண்கிற ஆள்தான். ஆனால் எதைக் கனவு காண்கிறார் என்பது கடைக்கு வருகிற எல்லோருக்கும் தெரியும். மனைவி விசாலிக்கு இரண்டு சிறுநீரகமும் ஓய்ந்து மூன்று வருடமாகிறது. செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுக்க மூர்த்தி முன்வந்தார். சோதித்துப் பார்த்ததில் எல்லாம் பொருந்தியது, இவர் எடையைத் தவிர. தொண்ணூற்றேழு கிலோ. "எண்பத்து நாலுக்கு வாங்க, அப்புறம் தேதி குறிக்கலாம்," என்றார் டாக்டர். அன்றைக்கு பஸ்ஸில் திரும்பும்போது, பெண்டாட்டிக்குத் தடையாக நிற்பது தன் தொப்பைதான் என்று நினைத்து நினைத்து மனிதர் அழுதேவிட்டார்.

அங்கேதான் புத்தி கெட்டுப் போனது. தைப்பூசம் நெருங்கிக்கொண்டிருந்தது. டாக்டருக்கு எடை, முருகனுக்கு விரதம், இரண்டையும் ஒன்றாய் முடித்துவிடலாமே! நாற்பத்தெட்டு நாள், பகலில் ஒரு வாழைப்பழம், பொழுது சாய்ந்தால் ஒரு டம்ளர் பால். விரதம் இருக்கிறவரை யார்தான் தடுப்பார்கள்? அக்கம்பக்கத்தில் கையெடுத்துக் கும்பிட்டார்கள். பதினோரு கிலோ இறங்கியது. இன்னும் இரண்டு கிலோதானே என்று, பால்குடம் இறக்கிய கையோடு, கன்னம் ஒட்டிப்போன முகத்தில் பெருமை பொங்க ஆஸ்பத்திரியில் போய் நின்றார். ரத்தம் எடுத்தார்கள். அதன் முடிவைப் பார்த்த டாக்டரின் முகம் மாறிவிட்டது. பட்டினியில் உடம்பு வற்றிப்போய், கொடுக்க வேண்டிய சிறுநீரகமே களைத்துப் போயிருந்தது. "இந்த நிலைமையில உங்க உடம்புல நான் கத்தி வைக்க முடியாது," என்றார். எல்லாம் மாதக்கணக்கில் தள்ளிப் போனது. வெளியே வந்து விசாலியிடம் சொல்ல வாய் வராமல், ஆஸ்பத்திரி காரிடாரில் ஒரு மணி நேரம் தூணோடு தூணாக நின்றிருக்கிறார்.

விரதம் விட்டதும் எடை மறுபடி தொண்ணூற்றிரண்டுக்கு ஏறியது. அதன் பிறகு வந்தவர் நர்மதா. ஆஸ்பத்திரியின் உணவு ஆலோசகர், சின்னப் பெண், கறாரான வாய். உயரம், எடை, வயது, நாள் முழுக்க நின்று செய்கிற வேலை எல்லாவற்றையும் கேட்டு எழுதிவிட்டுச் சொன்னார்: "அங்கிள், உங்க உடம்பு ஒரு நாளைக்கு ரெண்டாயிரத்து நானூறு கலோரி செலவழிக்குது. அதுல ஐந்நூறு மட்டும் குறைங்க. ஆயிரத்துத் தொள்ளாயிரம் சாப்பிட்டே ஆகணும். வாரத்துக்கு அரை கிலோ எறங்கும், அது போதும். இது உங்களுக்குப் போட்ட கணக்கு, வேற யாருக்கும் சொல்லாதீங்க."

மூர்த்திக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. "ஐந்நூறுன்னா எவ்ளோம்மா?"

"நீங்க காலையில சாப்பிடறீங்களே, ஒரு ரொட்டி, இனிப்புப் பால் ஊத்துன தே தாரிக் ரெண்டு கிளாஸ். அதுதான்."

"அவ்ளோதானா?" என்று கேட்டார். ஒரு ரொட்டியை விட்டால் தீர்கிற காரியத்துக்கா நாற்பத்தெட்டு நாள் வயிற்றைக் காயப்போட்டோம் என்று நொந்துபோனார். காலையில் இப்போது இரண்டு அவித்த முட்டையும் சீனி போடாத கோப்பியும். அந்த ஒரு ரொட்டிதான் மேசை மேசையாக மனசுக்குள் வெந்துகொண்டிருக்கிறது.

விதி சும்மா விடுமா? உடம்பை மெலிய வைக்கும் கோப்பியைப் பாக்கெட் பாக்கெட்டாக விற்கும் மணியம் தினமும் வந்து உட்கார்ந்துகொள்வார். "மாசம் பத்து கிலோ கேரண்டி, மூர்த்தி. ஏன் இப்படி ஆமை மாதிரி எறங்குற?" மூர்த்தி அவர் தட்டில் ரொட்டியை வைத்து, இரண்டு உள்ளங்கையாலும் அடித்து இதழ் இதழாகப் பிரித்துவிடுவார். "வேகமா எறங்கிப் பாத்தாச்சு அண்ணே. அதனால பொண்டாட்டிதான் இன்னும் காத்துக்கிட்டு இருக்கா. நீங்க சாப்பிடுங்க, நான் பாக்குறேன்." மணியம் சாப்பிடுவார். மூர்த்தியின் வாய் அசையும்.

வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே அளவுதான். ரைஸ் குக்கர் வாங்கும்போது கூடவே வந்த பிளாஸ்டிக் கப். விசாலிக்கு ஒரு நாளைக்கு அந்தக் கப்பால் நாலு கப் தண்ணீர்தான் அனுமதி, அதற்கு மேல் போனால் உடம்பில் நீர் சேர்ந்து மூச்சு முட்டும். மூர்த்திக்கு இரவுச் சாப்பாட்டில் தலைதட்டி மட்டமாக ஒரு கப் சோறு, மீன், நிறைய கீரை. நாலாவது கப் தண்ணீரை விசாலி பகலெல்லாம் தொடமாட்டார். வெயில் இறங்கியதும் அதை எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, ஒரு ஐஸ் கட்டி போட்டு, அரை மணி நேரம் சொட்டுச் சொட்டாகக் குடிப்பார். அந்த அரை மணி நேரம் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! தேனாறு ஓடுகிற ஏதோ ஊருக்குப் போய்விட்டு வருகிற முகம். எதிரே உட்கார்ந்து மூர்த்தி மென்று மென்று சாப்பிடுவார். வீட்டுக்குப் பின்னால் ரயில் போகும்.

போன ஞாயிற்றுக்கிழமை எடைக் கருவியில் ஏறினார். எண்பத்து நாலரை. திங்கள் காலை ஆஸ்பத்திரியில் எடையும் பார்ப்பார்கள், ரத்தமும் எடுப்பார்கள். இன்னும் அரை கிலோ. இரவு ஒரு வேளை விட்டால் போதும். அந்த எண்ணம் வந்ததும் விரத நாளின் பளபளப்பு மறுபடி கண்ணில் ஏறிவிட்டது. சாப்பிட உட்கார்ந்தபோது கப்பில் கால் அளவுதான் சோறு அள்ளித் தட்டில் போட்டார்.

விசாலி பார்த்துக்கொண்டிருந்தார். ஐஸ் போட்ட டம்ளர் அவர் கையில் இருந்தது. வாய்க்குக் கொண்டுபோனவர் நிறுத்திவிட்டு, அதை மேசை நடுவில் தள்ளி வைத்தார்.

"ஏன் விசா? குடி. ஐஸ் கரையுது."

"கரையட்டும்."

"எனக்குப் பசிக்கலம்மா."

"எனக்கும் தாகமில்ல."

அப்பட்டமான பொய். நாக்கு உலர்ந்து உதடு வெடித்திருந்தது.

"நாளைக்கு எடை எண்பத்து நாலுல நிக்கலன்னா இன்னும் ஒரு மாசம் தள்ளிடுவாங்க விசா."

"தள்ளட்டுங்க. மூணு வருஷம் இருந்தவளுக்கு ஒரு மாசம் இருக்கத் தெரியாதா? காஞ்ச கிட்னி எனக்கு வேணாம். உங்களையும் படுக்க வச்சிட்டு நான் எழுந்து நடக்கணுமா?"

ஐஸ் கட்டி டம்ளரில் ஒருமுறை 'டிக்'கென்று தட்டிச் சுருங்கியது. ரயில் வந்து, போய், சத்தமும் அடங்கியது.

மூர்த்தி தட்டில் போட்ட சோற்றைக் கப்பிலேயே திரும்ப எடுத்தார். பானையிலிருந்து மேலும் அள்ளி, குவிந்து நின்றதை ஆள்காட்டி விரலால் வழித்து மட்டமாக்கி, தட்டில் கவிழ்த்தார். முதல் கவளம் உள்ளே போன பிறகுதான் விசாலி டம்ளரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.