நாற்பத்தேழாம் ஆணி

நான் இப்போது இருக்கும் லிட்கமிலிருந்து, சின்ன வயதில் நாங்கள் இருந்த அந்தச் சுரங்க ஊருக்கு ரயிலில் இரண்டு மணி பதினேழு நிமிடம். நிலக்கரிச் சுரங்கத்தின் வாயைக் கான்கிரீட் போட்டு அடைத்து, ஓரமாக ஒரு பெஞ்சு வைத்திருக்கிறார்கள். சாய்ந்துகொள்ளப் பலகை கிடையாது. யாருக்காக வைத்தார்களோ.

என் பத்து வயதில் அப்பா அங்கே சர்வேயர். ஊரில் தமிழ்க் குடும்பம் எங்களுடையது ஒன்றுதான். சித்தியின் பிரசவத்துக்காக அம்மா திருச்சி போய் அறுபத்தொரு நாளாகியிருந்தது. பள்ளி விட்டதும் சுரங்க வாசலில் அப்பாவுக்காகக் காத்திருப்பேன். அங்கே ஒரு பலகை. அதில் எண்பத்தாறு ஆணிகள். கீழே இறங்குகிறவர் தன் எண் பொறித்த பித்தளை வில்லையை எடுத்துப் போவார், ஏறி வந்ததும் திரும்ப மாட்டுவார். ஆணி காலியாக இருந்தால் ஆள் இன்னும் கீழே இருக்கிறார் என்று பொருள். அப்பாவின் எண் நாற்பத்தேழு.

வில்லை இல்லாவிட்டால் மறுநாள் அப்பாவைக் கீழே விடமாட்டார்கள், என்னோடு வீட்டில் இருப்பார் என்று கணக்குப் போட்டேன். அவர் மாட்டிவிட்டுத் திரும்பியதும் எடுத்துக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அப்பா ரசம் சாதம் பிசைந்துகொண்டிருந்தபோது மேற்பார்வையாளர் கதவைத் தட்டினார்.

"நீ இங்கயா இருக்க? குளிச்சிட்டுக் கிளம்பின ஆறு பேரு உன்னைத் தேடித் திரும்பக் கீழ போயிருக்காங்க!"

அப்பா கைகூடக் கழுவாமல் ஓடினார். பின்னாலேயே நானும். அப்பா பத்திரம் என்று கீழே சேதி போனதும் ஐந்து பேர் ஏறி வந்தார்கள். ஆறாமவரைக் காணவில்லை. ஒன்பதாவது நிமிடத்தில் நான் வில்லையை நீட்டினேன். அப்பா என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு அதை வாங்கிக்கொண்டு, "நான்தான் மறந்து வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டேன்" என்றார் அவர்களிடம்.

பத்தொன்பதாவது நிமிடத்தில் ஆறாமவர் வந்தார். கிழவர், முகமெல்லாம் கரி. அப்பாவின் கையை முகர்ந்து பார்த்தார்.

"நான் கீழ தொண்டை கிழியக் கத்துறேன். துரை இங்க சாப்பிட்டுக்கிட்டிருந்திருக்காரு!"

தோளில் ஒரு குத்து விட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அந்த ஊரில் அப்பா வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

விதி விதிதான். ஏழு நாள் வேலைக்கு வரக்கூடாது என்றார்கள். ஐந்தாம் நாள் சுரங்கத்தையே மூடினார்கள். அது என்னைத் தவிர எல்லோருக்கும் முன்பே தெரியும். அன்று மதியம் கடைசிச் சங்கு ஊதியபோது அப்பா ஜன்னல் பக்கம் திரும்பினார். கேரம் பலகையில் அவர் முறை வந்ததைக்கூட நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அந்த ஏழு நாளில் முப்பத்திரண்டு கேரம் ஆட்டம் ஆடினோம். இருபத்தாறில் நான் ஜெயித்தேன். என் ஆட்டம் தேறிவிட்டது என்றே நினைத்துக்கொண்டேன்.